பதினெட்டாவது ஜுஸ்வு

மனைவி மஸ்தான் பீவி மவுத்தான மூன்றாம் நாள், சொந்த வீட்டு முன்னறையில், அரபிப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முகம்மது ஹனீப் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. கண் வலமிருந்து இடமாகப் போய் வந்தது. பாவம், இந்த நிலையிலும் மனுஷன் எவ்வளவு நிதானமாக ஓதுகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவர் ஓதவில்லை. அவருக்கு ஓதத் தெரியாது. ஒன்பது வருடமாக ஜமாஅத்துக்குத் தலைவராக, முத்தவல்லியாக இருக்கிறவருக்கு, அறுபத்திரண்டு வயதில், அலிஃப் எது லாம் எது என்று தெரியாது.

அந்த ஊர் வழக்கம் இது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மூன்றாம் நாள் பள்ளிவாசலிலிருந்து ஒரு பெட்டி வரும். அதற்குள் குர்ஆன் முப்பது தனித்தனிப் புத்தகங்களாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜுஸ்வு. முப்பது பேர் ஆளுக்கு ஒன்றை எடுத்து ஓதினால் முக்கால் மணி நேரத்தில் முழு வேதமும் ஓதியாகிவிடும். அந்த நன்மையை இறந்தவருக்குச் சேர்க்கச் சொல்லிப் பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ கேட்பார். ஓதத் தெரியாதவர்களுக்கும் இடம் உண்டு. வாசலோரம் வெள்ளை விரிப்பில் புளியங்கொட்டையைக் குவித்து வைத்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து, ஒரு கலிமா சொல்லி ஒரு கொட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ள வேண்டும். லோடு ஏற்றுகிறவர்கள், லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள், சின்ன வயதில் மதரசா வாசலை மிதிக்காதவர்கள் எல்லாரும் அங்கே உட்காருவார்கள். யாரும் அவர்களை ஏளனமாகப் பார்த்ததில்லை. கொடுமையே அதுதான். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஹனீபும் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம்.

சொல்லவில்லை. ஹனீபின் அத்தா லாரி கிளீனர். மகனுக்கு ஆறு வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் தலையில் தொப்பியோடு ஓதப் போன நேரத்தில் ஹனீப் பட்டறையில் கோணி ஊசியோடு தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தார். தமிழ் எழுத்தைக்கூட லாரிகளின் முதுகில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் கற்றார். பிறகு சொந்தக் கடை வந்தது. கடை வந்ததும் மரியாதை வந்தது. கல்யாணத்துக்கு முந்தின வருடம் யாரோ ஒருவருடைய மூன்றாம் நாளுக்குப் போனபோது, "மொதலாளி, நீங்க இங்க வந்து உக்காருங்க" என்று முன்வரிசையில் உட்கார வைத்துக் கையில் ஒரு ஜுஸ்வைக் கொடுத்தார்கள். அதை வாங்கியதுதான் அவர் செய்த தப்பு. அன்றைக்கு வாங்கிய கை அதன் பிறகு நீண்டுகொண்டே இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஹனீப் முப்பத்தேழு வருடம் மறைத்தார். அதற்கும் ஒரு கைத்திறன் வேண்டும். பக்கத்து ஆள் ஒரு பக்கம் புரட்டினால் இவரும் புரட்டுவார். முதலில் முடிக்க மாட்டார், கடைசியிலும் முடிக்க மாட்டார். நாலைந்து பேர் புத்தகத்தை மூடி முத்தமிட்ட பிறகு இவரும் மூடி முத்தமிடுவார்.

ஆனால் இன்றைக்கு மையத்து வேறு யாருடையதோ அல்ல. காலையிலேயே அவர் தீர்மானம் செய்திருந்தார், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று. பெட்டி வந்தது. பழைய பெட்டி நைந்துவிட்டதென்று போன மாதம் மஸ்தான் பீவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் பேரில் நேர்ந்து, சென்னையில் சொல்லி இவரே வரவழைத்த புதுப் பெட்டி. பச்சை அட்டை, தங்க எழுத்து. முதல் முதலாக அவளுக்கே திறக்க வேண்டியதாகப் போயிற்று. பெட்டியைக் கொண்டுவந்தவர் முத்தவல்லிக்கு என்று மரியாதையாக இரண்டு கையாலும் ஒன்றை நீட்டினார். சுற்றிலும் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹனீபின் கை நீண்டது.

நடுவில் ஓரிடத்தில் தாள் சற்றுத் தடிமனாக வந்தது. புதுப் புத்தகம், அப்படித்தான் இருக்கும் என்று புரட்டிவிட்டார்.

"எல்லாரும் முடிச்சாச்சுங்களா? ஆருக்காச்சும் மிச்சம் இருந்தா குடுங்க, பங்கு போட்டு ஓதிரலாம்" என்றார் முபஷிர் ஹஜ்ரத். நாற்பது வயதுகூட ஆகாதவர், எதையும் நேராகப் பேசுகிறவர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஹனீபும் ஆட்டினார். முழுக் குர்ஆனை மஸ்தான் பீவிக்குச் சேர்த்து வை என்று ஹஜ்ரத் துஆ கேட்டபோது "ஆமீன்" என்றவர்களில் அவர் குரல்தான் உரக்கக் கேட்டது. அவருக்கே தன் குரல் நாறியது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடு காலியானது. மகள் ஆலியா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். பள்ளிபாளையத்தில் கணக்கு டீச்சர். நாலு வயது மகள் நிகத்தோடு வந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தா, இன்னைக்கு உங்களுக்கு எத்தனாவது ஜுஸ்வுங்க வந்துது?"

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது ஹனீபுக்கு. இதே கேள்வியை மஸ்தான் பீவியும் கேட்பாள். யார் வீட்டுக்கு ஓதப் போய் வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள். புருஷன் முன்வரிசையில் ஓதுகிற பெருமையில் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். பழைய பெட்டியில் ஒவ்வொரு ஜுஸ்வின் மேலும் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதியிருக்கும். "ஏழு" என்றோ "இருபத்திரண்டு" என்றோ தோரணையாகச் சொல்வார்.

"எதுக்கு சாமி கேக்கற?"

"ஓதறதுக்குங்கத்தா." ஆலியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா சொல்லீட்டுப் போயிருக்குது. நான் இல்லீன்னா நீ கேட்டு அந்த ஜுஸ்வ ஓதிரு, உங்கத்தாகிட்ட வேற ஒண்ணும் கேக்காதேன்னு."

ஹனீப் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மொத நோம்புலயே தெரியுமுங்க. நீங்க தமிழ்ப் பொஸ்தகத்தாட்ட அந்தப் பக்கமிருந்து தொறந்தீங்களாமா."

அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த நோன்பில் மஸ்தான் பீவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையிலிருந்த புத்தகத்தை ஒன்றும் சொல்லாமல் வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். ஆலியாவுக்கு அரபி எழுத்துப் படிக்கிற வயது வந்தபோது, பிள்ளையின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "எனக்கும் கொஞ்சம் மறந்து போச்சுங்க, ரெண்டு பேருமா ஒருக்காப் பாக்கலாங்களா?" என்று கேட்டாள். "எனக்கே பாடம் எடுக்கறயா நீ?" என்று கத்திவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எத்தனாவது என்று மட்டும் கேட்பாள். நம்பரைச் சொன்னதும் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்து ஓதுவாள். அவள் பக்திக்கு ஓதுகிறாள் என்றல்லவா இத்தனை காலம் இருந்தார். இவர் புரட்டிவிட்டு வந்ததை அவள் ஓதியிருக்கிறாள். முப்பத்தாறு வருடம். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"சொல்லுங்கத்தா, எத்தனாவது?"

"தெரியல சாமி."

"தெரியலீங்களா?"

"புதுப் பெட்டி. நம்பரும் அரபியிலதான் போட்டிருக்குது."

ஆலியா கணக்கு டீச்சராகவே பேசினாள். "எது உட்டுப்போச்சுன்னு தெரியலீன்னா முப்பதையுந்தானுங்க ஓதோணும்."

"நான் தமிழ்ல படிச்சர்றேன் சாமி. தமிழ் அர்த்தம் மூணு தடவ முழுசாப் படிச்சிருக்கறேன். ஓதறவங்கள்ல பாதிப் பேருக்கு என்ன ஓதறோமுன்னே தெரியாது. எனக்கு எந்த எடத்துல என்ன இருக்குதுன்னு தெரியும்."

அது உண்மை. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் தமிழாக்கம் எப்போதும் இருக்கும்.

"தமிழ்ல படிக்கறதுல ஒரு தப்பும் இல்லீங்கத்தா," என்றாள் ஆலியா மெதுவாக. "தமிழ்ல படிச்சேன்னு சொல்லியிருந்தீங்கன்னா."

அவள் ஒளு செய்துவிட்டு வந்து, அம்மா உட்காரும் மூலையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மடியில் நிகத் தூங்கிப் போனாள். ஹனீப் எழுந்து போகவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் கூசி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடையைத் திறந்தார். வீட்டில் இருந்தால் அந்தக் குரலைக் கேட்க வேண்டும். செங்கோடன் ஏற்கெனவே ஒரு பெரிய தார்ப்பாயை விரித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடமாக ஹனீபோடு வேலை செய்கிறவர்.

"ஏனுங் பாய், ஊட்ல இருக்க வேண்டீதுதானுங்களே. நான் பாத்துக்க மாட்டனா?"

ஹனீப் ஓர் ஊசியை எடுத்துக் கோத்தார். தைத்துக்கொண்டே கேட்டார். "செங்கோடா, கோயில்ல அய்யர் மந்திரம் சொல்றாரே, உனக்குப் புரியுமா?"

"எனக்கெங்கீங்க புரியுது? அது சமஸ்கிருதமுங்க. அவரு பாட்டுக்குச் சொல்லுவாரு. நான் பாட்டுக்குக் கும்புட்டுட்டு நிப்பேன்."

"கூடவே சொல்றாப்பல வாய அசைச்சிருக்கறயா?"

செங்கோடன் வாய்விட்டுச் சிரித்தார். துக்க வீட்டுக்காரர் என்பது நினைவுக்கு வந்து சட்டென்று நிறுத்திக்கொண்டார். "நானெதுக்குங்க அசைக்கறேன்? எனக்குத் தெரியாதுன்னு அய்யருக்கும் தெரியும், அந்தச் சாமிக்கும் தெரியும். அப்புறம் ஆருக்குங்க வேசம் போடறது?"

பாவம், அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கோணி ஊசி ஹனீபின் கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஹனீப் பள்ளிவாசலில் தங்கினார். அலமாரியிலிருந்து பச்சைப் பெட்டியை இறக்கி வைத்து ஒவ்வொரு ஜுஸ்வாகப் புரட்டினார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் முறைத்துப் பார்த்த எழுத்து, திரும்பப் பார்த்தால் அடையாளம் தெரியாதா என்று ஒரு நப்பாசை. முப்பதும் ஒன்று போலத்தான் இருந்தன. முத்தவல்லி மாட்டுச் சந்தையில் தொலைந்த கன்றைத் தேடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு முபஷிர் ஹஜ்ரத் வந்தார்.

"நீங்களே பாத்துட்டீங்களா? நானே சொல்லோணும்னு இருந்தனுங்க முத்தவல்லி. அச்சாபீஸ்காரன் சரியா வெட்டாம உட்டுட்டான்." குனிந்து ஒரு ஜுஸ்வை எடுத்து நடுவில் விரித்தார். இரண்டு தாள்கள் ஓரத்தில் ஒட்டியே இருந்தன. இரண்டுக்கும் நடுவில் இரண்டு பக்கம் மூடிக் கிடந்தது. "பதினெட்டாவது. நேத்து உங்கூட்ல இருந்து வந்து அடுக்கும்போதுதான் பாத்தேன்."

ஹனீபின் விரலுக்குள் அந்தத் தடிமன் இன்னும் இருந்தது.

"இதுல பாருங்க," ஹஜ்ரத் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பக்கத்துல பாதி ஆயத்து, மிச்சம் உள்ள மூடிக் கெடக்குது. ஓதற ஆளு இங்க வந்து நிக்காமப் போகவே முடியாதுங்க. பிரிச்சிருப்பான், இல்லீன்னா என்னையக் கேட்டிருப்பான். அப்படீன்னா இத வாங்குனவன் ஓதவே இல்லீங்க. சும்மாப் பொரட்டியிருக்கறான். எனக்கு வயிறெரியுது. ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் ஓதச் சொல்லிக் குடுத்த பொம்பளைக்கு இப்படிப் பண்ணிட்டான்."

"ஆரா இருக்கும்?" என்று கேட்டது ஹனீபின் வாய். அது பழகிய வாய்.

"தவ்ஹீதாத்தான் இருக்கும். அவன்தான் எப்பப் பாரு போனும் கையுமா இருக்கறான். வெள்ளிக்கெழம எல்லார்த்து முன்னாலயும் வெச்சுக் கேட்டர்றேன்."

ஹனீப் எழுந்தார். நம்பர் கிடைத்துவிட்டது. பதினெட்டு. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் போதும். ஆலியா அந்த ஒன்றை ஓதிவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போவாள். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. "வாரனுங்க ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து ஒரு செருப்பை மாட்டினார். மற்றச் செருப்புக்குள் கால் போகவில்லை.

தவ்ஹீத் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிற பையன், இருபத்தாறு வயது. மஸ்தான் பீவியைக் கிடத்திய சந்தூக்கை வீட்டிலிருந்து கபர்ஸ்தான் வரைக்கும் கொளுத்துகிற வெயிலில் தோள் மாற்றாமல் தூக்கி வந்தவன். மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு, "எனக்குச் சோறு போட்ட கைங்க" என்றான்.

ஹனீப் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி உள்ளே போனார்.

"தவ்ஹீத் இல்லீங்க ஹஜ்ரத். நான்."

ஹஜ்ரத்துக்கு முதலில் புரியவில்லை. "துக்கத்துல இருந்தீங்க. கண்ணு கலங்கியிருந்திருக்கும். அது தப்பில்லீங்க."

நல்ல வழி ஒன்று தானாகவே திறந்தது. அதில் நுழைந்திருந்தால் மரியாதையும் மிஞ்சும், பொய்யும் மிஞ்சும்.

"கண்ணு கலங்கலீங்க. எனக்கு ஓதத் தெரியாது. எப்பவும் தெரிஞ்சதில்ல. முப்பத்தேழு வருசமாப் பொரட்டிக்கிட்டுத்தான் இருக்கறேன்."

முபஷிர் ஹஜ்ரத்தின் முகம் மாறியது. பெரிய மனது பண்ணி மன்னிக்கிற முகமாக அது இல்லை. ஏமாந்தவனின் முகமாக இருந்தது.

"எங்கத்தா மவுத்துக்கு வந்து எம்பக்கத்துலதானுங்களே உக்காந்தீங்க?"

"ஆமாங்க."

"அன்னைக்குமா?"

"அன்னைக்கும்." ஹனீபுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அன்னைக்கு எனக்கு வந்தது நாலாவது. ஊட்டுக்குப் போனதும் மஸ்தான் பீவி கேட்டா. அவ உக்காந்து ஓதினா. எனக்கு நேத்துத்தான் தெரியும், எதுக்கு ஓதினாள்னு. உங்கத்தாவுக்குக் கொறையில்லீங்க. ஆருக்கும் கொறையில்ல. நான் உட்டதையெல்லாம் அவ ஓதிட்டா..."

சொல்லச் சொல்லத்தான் அவருக்கே அது புரிந்தது.

"எல்லாருக்கும் முழுசாப் போயிருக்குதுங்க. அவளுக்கு மட்டுந்தான் கொறை."

பள்ளிவாசல் பாயில் உட்கார்ந்து ஹனீப் அழுதார். மனைவி இறந்த அன்றைக்கு அழுதது துக்கத்துக்கு. இது வெட்கத்துக்கு அழுத அழுகை, அதனால் சத்தம் வரவில்லை. ஹஜ்ரத் தேற்றவில்லை. வெகு நேரம் கழித்துப் பதினெட்டாவது ஜுஸ்வை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஊட்டுக்குக் கொண்டுபோயி மகள ஓதச் சொல்லுங்க. ஊருக்கு நான் சொல்ல மாட்டனுங்க. நீங்கதான் சொல்லோணும்."

ஆலியா அதற்குள் ஐந்தாவது ஜுஸ்வில் இருந்தாள். தொண்டை கட்டியிருந்தது. ஹனீப் ஒட்டியிருந்த தாள்களைத் தார்ப்பாய் அறுக்கிற பிளேடால் ஒரு நூல் பிசகாமல் பிரித்தார். அந்தப் புத்தகத்தில் அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மகள் ஓத ஓத, எதிரில் உட்கார்ந்து தமிழாக்கத்தில் அதே பகுதியைத் தேடி எடுத்தார். தொடக்கத்திலேயே, நம்பி ஒப்படைத்த அமானிதத்தைக் காப்பாற்றுகிறவர்களைப் பற்றிய பேச்சு. மூன்று தடவை படித்த இடம்தான். அவருக்கு முகம் எரிந்தது. ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை.

ஆனால் ஊருக்கு? அந்த வெள்ளிக்கிழமை அவர் சொல்லவில்லை. அடுத்ததும் சொல்லவில்லை. ஜும்ஆ முடிந்து ஹஜ்ரத் ஸலாம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார், இவர் தலையைக் குனிந்துகொள்வார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். தெருவில் தவ்ஹீத் எதிரே வந்தால் இவர் வேறு சந்தில் திரும்பினார்.

நாற்பதாம் நாள் வந்தது. அதே முன்னறை, அதே முப்பது பேர். ஆலியா பள்ளிபாளையத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். வாசலோரம் வெள்ளை விரிப்பு, புளியங்கொட்டைக் குவியல். பச்சைப் பெட்டி வந்தது. அதே ஆள், அதே மரியாதையோடு, இரண்டு கையாலும் ஒரு ஜுஸ்வை நீட்டினார்.

ஹனீபின் கை எழுந்தது. பழகிய கை. பாதி வழியில் நின்றது.

"எனக்கு வேண்டாமுங்க," என்றார். கேட்கவில்லை போலிருக்கிறது, அந்த ஆள் இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தார். ஹனீப் உரக்கச் சொன்னார். "எனக்கு ஓதத் தெரியாது. இத்தன வருசமா உங்க ஊடுகள்ல எல்லாம் வந்து ஓதறாப்பல உக்காந்துட்டுப் போயிருக்கறேன். பொய். நான் பொரட்டினதையெல்லாம் எங்கூட்டுக்காரி ஓதி முடிச்சிருக்கறா. அவளுக்கு நான் பண்ணினதும் அதுதான்."

சிலர் ஹஜ்ரத்தைப் பார்த்தார்கள், சிலர் கூரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாக நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டார். ஹனீப் எழுந்து, அத்தனை முழங்கால்களையும் தாண்டி, வாசலோரம் போனார். முன்னறை இவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. லோடு ஏற்றுகிறவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். அவர் முன்னால் ஒரு குவியலைத் தள்ளிவிட்டார்கள்.

ஒரு கலிமா, ஒரு கொட்டை. அறுபத்திரண்டு வயது முழங்கால் மடங்க மறுத்தது. அவர் அவசரப்படவில்லை. பக்கத்து ஆள் எவ்வளவு தள்ளியிருக்கிறார் என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் முழுசாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் தொட்டுத் தள்ளினார். உள்ளே ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடி முத்தமிடுவது காதில் விழுந்தது. மூன்றாவது ஆள், நாலாவது ஆள், பத்தாவது ஆள். கடைசியில் எல்லாம் அடங்கியது.

"எல்லாரும் முடிச்சாச்சுங்களா?" என்றார் முபஷிர் ஹஜ்ரத்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"இல்லீங்க," என்றார் ஹனீப் வாசலிலிருந்து. "எனக்கு இன்னும் மிச்சமிருக்குதுங்க."

ஹஜ்ரத் துஆவுக்குத் தூக்கிய கையை இறக்கினார். எல்லோரும் காத்திருந்தார்கள்.